பாலத்துக் கல்லில் ஒரு வரி

அத்தை ஒரு வேலையை ஒப்படைக்கிறாள் என்றால், அந்த வேலை அவள் மனசில் ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று அர்த்தம். நாம் போய் வெறுமனே தலையைக் காட்டிவிட்டு வரவேண்டும், அவ்வளவுதான்.

ஊர்ப் பாலத்துக்கு நூறு வயது ஆகப்போகிறது. அதற்காக நகராட்சி ஒரு கல் நடுகிறது. கல்லில் என்ன வரி பொறிப்பது என்று சொல்லும் உரிமை அத்தைக்குக் கிடைத்திருந்தது. நாலு மாதம் நகராட்சிக்கு நடையாய் நடந்தவளாயிற்றே. எல்லாம் அவளுடைய தாத்தாவுக்காக. அவர் ஆற்றில் படகு விட்டவர். பாலம் கட்டலாமா என்று விசாரிக்க அந்தக் காலத்துச் சட்டசபை ஒரு குழு போட்டதாம். அந்தக் குழு முன்னால் போய் நின்று, "பாலம் வராமல் இந்த இடத்தைவிட்டு நகரமாட்டேன்" என்று தாத்தா முழங்கினாராம். இந்த வசனத்தைக் கேட்காமல் அத்தை வீட்டிலிருந்து தப்பித்துப் போன விருந்தாளி கிடையாது.

"தாத்தா முழங்கின அந்த வரியக் காலையிலயே கல்லு வெட்டுறவர்கிட்ட சொல்லிட்டேன். சாயங்காலம் வெட்ட ஆரம்பிச்சிடுவார். நகராட்சியில ஆதாரம் கேக்கறாங்க. நீதான் அந்த லைப்ரரிக்கு லிஃப்ட் பாக்கப் போறியே, அப்படியே தாத்தா சாட்சி சொன்ன பக்கத்த ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்துடு," என்றாள் தன் அண்ணன் மகனிடம். அவன் லிஃப்ட் மெக்கானிக். அத்தைக்கு முன்னால் 'முடியாது' என்ற சொல் அவன் வாயில் வந்ததே இல்லை.

சட்டசபை நூலகத்து லிஃப்ட் மாதத்துக்கு இரண்டு தடவையாவது படுத்துக்கொள்ளும். அதனால் நூலகத்து அம்மாளுக்கு அவன்மேல் தனி மரியாதை. அவன் கேட்டதும் தலையணை பருமனுக்கு ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தாள். குழு முன்னால் வந்த சாட்சிகள் அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு எண். சுருக்கெழுத்துக்காரர் இருமலையும் தும்மலையும் தவிர எல்லாவற்றையும் எழுதியிருந்தார்.

சாட்சி எண் நாற்பத்தொன்று, படகோட்டி. நின்றபடி படிக்க ஆரம்பித்தவன் இரண்டாவது பதிலில் உட்கார்ந்துவிட்டான்.

*கேள்வி 1131: பாலம் அவசியம் என்று கருதுகிறீரா?*
*பதில்: இல்லை. யாரும் கேட்கவில்லை.*
*கேள்வி 1132: வெள்ளக் காலத்தில்?*
*பதில்: எந்த வெள்ளத்திலும் படகு விட்டிருக்கிறேன். ஒரு நாளும் நின்றதில்லை.*

தாத்தா முழங்கத்தான் செய்திருக்கிறார். ஆனால் பாலம் வேண்டாம் என்று. இந்தக் காகிதத்தோடு போய் அத்தை முன்னால் நிற்பதைவிட, அறுந்த கயிற்று லிஃப்டில் ஏறுவது மேல்.

"இந்தப் பக்கத்தக் கரையான் தின்னுடுச்சுன்னு சொல்லிடவா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டான்.

நூலகத்து அம்மாளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என் லைப்ரரியில கரையானா?" என்று புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தவள், விஷயத்தைக் கேட்டதும் கொஞ்சம் இளகி, கடைசியில் இருந்த பெயர்ப் பட்டியலைப் புரட்டினாள். "இவருக்கு ரெண்டு பக்க எண் போட்டிருக்கே. நீங்க ஒண்ணோட நிறுத்திட்டீங்க. ரெண்டாவதுல 'மீண்டும் அழைக்கப்பட்டவர்'னு இருக்கு. அனுப்பின ஆளத் திரும்பக் கூப்பிட்டாங்கன்னா, நடுவுல வேற யாரோ ஏதோ சொல்லியிருக்காங்க. அதையும் படிங்க."

நடுவில் வந்த சாட்சிக்குப் பெயர் போடவில்லை. 'முந்தைய சாட்சியின் மனைவி' என்று மட்டும் இருந்தது.

*கேள்வி 1140: உமது கணவர் சொன்னதைக் கேட்டீரா?*
*பதில்: கேட்டேன். ஒரு நாள் நின்றது.*
*கேள்வி 1141: எப்போது?*
*பதில்: எங்கள் மூத்த மகளுக்கு மூன்று வயது. காய்ச்சல். மருத்துவர் அக்கரையில். இவர் மூன்று தடவை படகை இறக்கினார். மூன்று தடவையும் ஆறு கரையில் தூக்கிப் போட்டது. சாயங்காலம் குழந்தை போய்விட்டது.*
*கேள்வி 1142: பாலம் வந்தால் உமது கணவரின் தொழில் போய்விடுமே?*
*பதில்: இவருக்கு வேறு வேலை கிடைக்கும்.*

அப்படி ஒரு குழந்தை இருந்ததாக வீட்டில் யாரும் மூச்சுவிட்டதில்லை. அத்தைக்கும் ஒரு அத்தை இருந்திருக்கிறாள். அவன் அடுத்த பக்கத்தைத் திருப்பினான். படகோட்டியைத் திரும்ப அழைத்திருந்தார்கள்.

*கேள்வி 1143: உமது மனைவி சொன்னதை மறுக்கிறீரா?*
*பதில்: இல்லை. நான் சொன்னதை அடித்துவிடுங்கள். அவள் சொன்னதே சரி.*
*கேள்வி 1144: பதிவானதை அடிக்க முடியாது என்று அறிவீரா?*
*பதில்: அப்படியானால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். பாலம் வேண்டும்.*

நான்கு பக்கத்தையும் நகல் எடுத்துக்கொண்டு, அந்த அம்மாளுக்கு மனசார நன்றி சொல்லிவிட்டு, நாலு மணிக்கு அத்தை வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தான். மாமா கதவைத் திறந்தார். முதல் பக்கத்தில் ஓர் ஓட்டம் பார்வையை ஓட்டியவர் முகம் வெளுத்துவிட்டது.

"இத மடிச்சுப் பையில போடு," என்று கிசுகிசுத்தார். "கடைசிப் பக்கத்த மட்டும் குடு. 'பாலம் வேண்டும்'னு இருக்கில்ல, அது போதும். ரெண்டு பேரும் பொழச்சுக்கலாம்."

யோசனை நன்றாகத்தான் இருந்தது. அவன் மடிக்கக்கூட ஆரம்பித்தான். ஆனால் மடித்தால் அந்தக் குழந்தையும் சேர்ந்து பைக்குள் போய்விடும் என்று தோன்றியது. அதற்குள் அத்தையே வந்து நாலு பக்கத்தையும் பிடுங்கிக்கொண்டாள்.

தன் வாயால் சொன்னதை அத்தை திரும்ப எடுத்துக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை. குடும்பத்தையே தவறான ரயிலில் ஏற்றிவிட்ட அன்றுகூட, ரயில்தான் வழி மாறிப் போய்விட்டது என்று சாதித்தவள். அவள் நின்றபடி படித்தாள். முதல் பக்கத்தில் புருவம் ஏறியது. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் வெகுநேரம் நின்றாள். மாமா எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு நாற்காலியை அவள் பின்னால் கொண்டுவந்து வைத்தார்.

"மூணு தடவ எறக்கியிருக்காரு," என்றாள். குரல் உடைந்திருந்தது. "தனக்கு ஒரு அக்கா இருந்தான்னு எங்கப்பா ஒரு நாளும் சொன்னதில்லயே. ஒருவேளை அவருக்கே தெரியாதோ என்னவோ."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"கல்லு வெட்டுறவருக்குப் போன் போடு. நான் காலையில சொன்ன வரிய அடிச்சிடச் சொல்லு. 'அவள் சொன்னதே சரி'ன்னு தாத்தா சொல்லியிருக்காரில்ல, அதப் போடச் சொல்லு."

அவள் மனசு மாறுவதற்குள் என்று அவன் அவசரமாக எண்ணை அழுத்தினான். கல் வெட்டுகிறவர் நாலு மாதமாக அத்தையோடு பழகியவர். "யாரு சொன்னத அடிக்கணும்?" என்று இரண்டு தடவை கேட்டார்.

அத்தை போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள்.

"நான் சொன்னதத்தான்," என்றாள்.