நாலு முழம் தள்ளி

ஹைஃபாவில் வக்கீல் ஒர்லியின் அலுவலகம் மூன்றாவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் கிடையாது. இரண்டு மாதத்தில் ஐந்தாவது முறையாக அந்தப் படிகளில் ஏறிக்கொண்டிருந்த சிமோனுக்கு அறுபத்தேழு வயது. அவள் முழங்காலைக் கேட்டால் எண்பது என்று சொல்லும். முன்னால் போன நஃப்தலிக்கு எழுபத்து நாலு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வசந்த காலத்தில் நெஞ்சுவலி வந்து போனதிலிருந்து இந்தப் பழக்கம். மாத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறார் என்றுதான் சிமோன் நினைத்தாள்.

பதினோரு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள். கல்யாணம் மட்டும் இல்லை. நஃப்தலி கோஹன் வம்சம். அந்தக் காலத்தில் யூத ஆலயத்தில் பலி கொடுத்த குருமார் குடும்பம். ஆலயம் இடிந்து இரண்டாயிரம் வருஷம் ஆகப்போகிறது, கட்டுப்பாடு மட்டும் இடியவில்லை. விவாகரத்தானவளைக் கோஹன் கட்டக் கூடாது. சிமோனோ முப்பது வயதில் புருஷனை வேண்டாம் என்று விட்டு வந்தவள். இங்கே கல்யாணம் ரப்பி எனும் மதகுருமார் கையில் இருக்கிறது, ஆனால் சைப்ரஸுக்குப் போய்ப் பதிவு செய்துகொண்டு வரலாம். அப்படிச் செய்பவர்கள் நிறையப் பேர். நஃப்தலி ஒப்பவில்லை. ஆனால் ஒரே கட்டிலில் படுப்பதற்கு மட்டும் எந்தக் கட்டுப்பாடும் அவருக்குக் குறுக்கே வரவில்லை. அதை முதல் இரண்டு வருஷம் சிமோன் சொல்லிக் காட்டினாள். அப்புறம் அலுத்துப்போய் விட்டுவிட்டாள்.

நெஞ்சுவலிக்குப் பிறகுதான் இந்த ஒப்பந்தப் பேச்சு வந்தது. நஃப்தலியின் மகள் நித்ஸாதான் கிளப்பினாள். பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார். இன்றைக்கும் லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள். கெட்டவள் இல்லை. செத்துப்போன அம்மா தோவா பார்த்துப் பார்த்துக் கட்டின வீடு கைவிட்டுப் போய்விடக் கூடாது என்ற பயம், அவ்வளவுதான். நஃப்தலி போன பிறகு சிமோன் எத்தனை நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது முதல் நகலில் ஒரு வருஷமாக இருந்தது. மூன்றாவதில் ஆறு மாதம். இப்போது தொண்ணூறு நாள். ஒவ்வொரு தடவையும் சிமோன் தலையாட்டினாள். கிரியாத் யாமில் தங்கை வீட்டில் ஓர் அறை இருக்கிறது. கட்டிலும் அலமாரியும் போட்டால் கதவு முக்கால்வாசி திறக்கும். அது போதும் என்று எப்போதோ மனதைத் தேற்றிக்கொண்டுவிட்டாள்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. நஃப்தலி போனால் வாசலில் ஒட்டும் சாவு அறிவிப்பில் துக்கம் காப்பவர்களின் வரிசையில் தன் பெயரும் இருக்க வேண்டும். ஏழு நாள் துக்கத்தில் நெருங்கிய உறவுகள் உட்காரும் தாழ்ந்த நாற்காலி ஒன்றைப் பிள்ளைகளோடு தனக்கும் போட வேண்டும். சிநேகிதி ஜிசெலுக்கு நடந்ததைக் கண்ணால் பார்த்ததிலிருந்து அவளுக்கு இந்தக் கலக்கம். பதினெட்டு வருஷம் ஒருவரோடு வாழ்ந்தவள் ஜிசெல். அவர் செத்த மறுநாள் அவர் பிள்ளைகள் தாழ உட்கார்ந்திருந்தார்கள். ஜிசெல் தன் அடுப்படியில் நின்று வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டுக் கொடுத்தாள். யாரோ ஒருவர் கோப்பையை வாங்கிக்கொண்டே, இந்த வீட்டில் எத்தனை நாளாக வேலை செய்கிறாய் என்று கேட்டார். ஜிசெல் சர்க்கரையை நீட்டினாள். அந்தச் சர்க்கரைக் கிண்ணத்தை சிமோனால் மறக்கவே முடியவில்லை.

இதையெல்லாம் எந்தக் கோர்ட்டும் அமல்படுத்தாது என்று ஒர்லி போன தடவையே சொல்லிவிட்டாள். பரவாயில்லை, காகிதத்தில் இருந்தால் போதும் என்றாள் சிமோன். நித்ஸா ஒத்துக்கொள்ளவில்லை. அறிவிப்பைப் படிக்கிறவர்கள் மனைவி என்று நினைப்பார்கள், அந்த இடம் அம்மாவுடையது என்றாள். கடைசியில், யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து போனாள்.

"யோசிச்சுச் சொல்றேன்னு சொன்னீங்களே?" என்று இன்று ஒர்லி கேட்டாள்.

"யோசிச்சிட்டுதான் இருக்கேன். தூக்கமே போச்சு" என்றாள் நித்ஸா. "முதல்ல படிங்க, பாக்கலாம்."

ஒர்லி படித்தாள். இந்த மாதிரி ஒப்பந்தங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவருக்கு எழுதினதை அப்படியே திருப்பி மற்றவருக்கும் எழுதிவிடுவார்கள், பிறகு யாரும் தகராறு செய்ய முடியாதபடி. முதல் தரப்பான நஃப்தலி இறந்தால் இரண்டாம் தரப்பான சிமோன் ஏழு நாளும் துக்கத்தில் அமரலாம், அடக்கத்தின்போது குழியருகே நிற்கலாம். அதேபோல, இரண்டாம் தரப்பு முதலில் இறந்தால் முதல் தரப்பு ஏழு நாளும் துக்கத்தில் அமர்வார், குழியருகே நிற்பார்.

"அதுல நான் கையெழுத்துப் போட முடியாது" என்றார் நஃப்தலி.

இரண்டு மாதத்தில் அவர் இந்த அறையில் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

ஒர்லி பேனாவைக் கீழே வைத்தாள். அப்படியே திருப்பி எழுதும் வழக்கத்தில் அவர் கோஹன் என்பதை மறந்துபோயிருந்தாள். கோஹன் இடுகாட்டுக்குள் போகக் கூடாது. பெற்றவர், பிள்ளை, கூடப் பிறந்தவர், கட்டின மனைவி, இவர்கள் அடக்கத்துக்கு மட்டும் உள்ளே போகலாம். சிமோன் இதில் எதுவும் இல்லை.

சிமோனுக்கு இது தெரியாத விஷயமா? தோவாவின் நினைவு நாளன்று வருஷா வருஷம் பிள்ளைகள் இடுகாட்டுக்கு உள்ளே போவார்கள். நஃப்தலி வேலிக்கு வெளியே ரோட்டோரம் நிற்பார். அவருக்குத் துணையாக சிமோன் காபி பிளாஸ்கோடு நிற்பாள். பத்து வருஷம் நின்றிருக்கிறாள். நடுவில் எங்கேயோ இருக்கும் தோவாவின் கல் வேலியிலிருந்து தெரியாது. அவர் குத்துமதிப்பாக ஒரு திசையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த வேலிக்கு உள்ளே தன்னை வைத்து அவள் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது நினைத்தபோது கோபம் வரவில்லை. ரொம்பக் களைப்பாக இருந்தது.

"நான் உள்ள போயிட்டா, வெளிய உங்க கூட யாரு நிப்பா?" என்று கேட்டாள்.

நஃப்தலி காதில் இருந்த கருவியைத் திருகினார். கேட்கவில்லை என்று சாக்குச் சொல்லப் போகிறார் என்று சிமோன் நினைத்தாள். அவரோ சட்டைப் பைக்குள் கையை விட்டு, நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். மடிப்பில் கிழியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. அடக்கம் செய்யும் சங்கத்தின் முத்திரை. சிமோன் பெயருக்கு ஓர் இடம், முதல் வரிசை, ரோட்டோரம்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த வாரமே போய் எழுதி வச்சேன்" என்றார். "ரப்பிய ரெண்டு தடவ கேட்டுட்டேன். கல்லுலேர்ந்து நாலு முழம் தள்ளி ரோட்டுல நின்னாப் போதுமாம். தோவா போனப்ப எனக்கு இந்த யோசனை வரல. அவ எங்கயோ நடுவுல போயிட்டா."

நித்ஸா காகிதத்தை எடுத்துப் படித்தாள், மறுபடியும் படித்தாள், மடிப்பு கிழியாமல் மடித்து அப்பாவிடம் கொடுத்தாள். பிறகு ஒர்லியிடம், அப்பா குழியருகே நிற்பார் என்ற வரியை மட்டும் அடித்துவிடச் சொன்னாள்.

"அப்ப ரெண்டு பக்கமும் சமமா இருக்காதே" என்றாள் ஒர்லி.

"இருக்க வேண்டாம். அவங்க வரி அப்படியே இருக்கட்டும்." நித்ஸா சிமோனின் பக்கம் திரும்பினாள். "மனைவின்னு போட என் கை வராது, சிமோன். உங்க பேரைப் போடுவேன். எங்க பேருக்கு மேலயே போடுவேன். நாற்காலிய என் பக்கத்துல போடறேன். அடுப்படிப் பக்கம் நீங்க வரக் கூடாது."

தொண்ணூறு நாள் தொண்ணூறு நாளாகவே இருந்தது. அதை யாரும் மாற்றச் சொல்லவில்லை, சிமோனும் கேட்கவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் சுருக்கொப்பம் போட்டுக்கொண்டே போனாள். எழுத்து கலங்கலாகத் தெரிந்ததால் எங்கே போடுவது என்று ஒர்லி விரல் வைத்துக் காட்ட வேண்டியிருந்தது.

இறங்கும்போது இரண்டாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றார்கள். நித்ஸா காரை எடுத்து வர முன்னால் போய்விட்டாள்.

"நாலு முழம்னா எவ்ளோ தூரம்?" என்று கேட்டாள் சிமோன்.

நஃப்தலி அவளைச் சுவரோரம் நிறுத்தினார். அவள் தோளருகே சுவரில் முழங்கையை ஊன்றி, விரல் நுனிவரை ஒன்று, இரண்டு என்று அளந்துகொண்டே பின்னால் போனார். நாலாவது முழத்தில் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று அவளைப் பார்த்தார். அத்தனை கிட்டத்தில்தான் இருந்தார்.

"அங்கேர்ந்து பேசினா எனக்குக் கேக்குமா?"

"உனக்குக் கேக்கும்" என்றார் நஃப்தலி. "எனக்குத்தான் காது மந்தம். நீ எப்பவும் போலச் சத்தமாவே பேசு."