ஓராபெல் செய்த சமாதானம்

கொக்கிகளில் தொங்கிய கோழிகள் இடைவெளியில்லாமல் நகர்ந்து வந்தன. அமெரிக்காவின் மிசிசிப்பியில் உள்ள அந்தக் கோழித் தொழிற்சாலையில் ஒட்டிலியா வெட்டாமல் விட்டுப்போன இறக்கைகளையும் சேர்த்து ட்ரெனீஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். எதிர்ப்புறம் நின்ற ஓராபெல் கத்தியை ஓட்டியபடியே அவள் முகத்தைக் கவனித்தாள். ஓராபெல்லுக்கு அறுபது வயது. பாப்டிஸ்ட் சபையில் எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஒட்டிலியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். குவாத்தமாலாக்காரி. ஐந்து மாதக் கர்ப்பிணி.

"எங்கடி போய் தூங்குன? உன் கோழி எல்லாம் என் தலையில விழுது!"

"பாத்ரூம். ரொம்ப நேரமா கேட்டுத்தான் விட்டாங்க."

"எங்கிருந்தோ வந்து எங்க வேலையப் புடுங்குறது பத்தாதுன்னு, உன் வேலையும் நானே செய்யணுமா?"

ஒட்டிலியா கோழித்தட்டை அவள் பக்கம் தள்ளினாள். ட்ரெனீஸின் கத்தி உயர்ந்தது. அதற்குள் ஓராபெல் சுற்றி வந்து இருவருக்கும் நடுவில் நின்றுவிட்டாள். கத்தி முனை அவள் கழுத்துக்கு நேரே நின்றது.

"தள்ளு சிஸ்டர். பிரசங்கத்த ஞாயித்துக்கிழம வெச்சுக்க."

ஓராபெல் அவள் காதருகே குனிந்தாள். "போன வாரம் உன்ன பாத்ரூம் விடாம, நின்ன இடத்துலயே நனைச்சுக்கிட்டியே. அன்னிக்கு யார் மேல கோவப்பட்ட?"

ட்ரெனீஸ் அழுதுவிட்டாள். கத்தி மெல்லத் தாழ்ந்தது. ஒட்டிலியாவுக்குப் பேச்சு முழுதும் கேட்கவில்லை. ஆனாலும் அந்த அழுகை அவளுக்குப் புரிந்தது. ஈரக் கையுறையோடு ட்ரெனீஸின் தோளைத் தொட்டாள்.

மேற்பார்வையாளர் ஹார்லன் ஓடி வந்தார். "சபாஷ் சிஸ்டர்! சமாதானம் பண்ணிட்ட. சரி, கோழி குவியுது, கைய ஓட்டுங்க."

"இன்னும் முழுசாப் பண்ணல ஹார்லன்."

ஓராபெல் தன் கத்தியை இரும்பு மேசைமேல் வைத்தாள்.

"பாத்ரூம் போறவங்க இடத்துல நிக்க ஒரு ஆளப் போடு. இல்லன்னா இதுங்க நாளைக்கும் அடிச்சுக்கும்."

"வெளாடுறியா?"

ட்ரெனீஸ் தன் கத்தியை அதன் பக்கத்தில் வைத்தாள். பிறகு ஒட்டிலியா. வரிசை நெடுக ஒவ்வொரு கத்தியாக மேசையில் விழும் ஓசை கேட்டது. வேறு வழியில்லாமல் ஹார்லன் இயந்திரத்தை நிறுத்தினார். பல வருடங்களில் முதல்முறையாகக் குழாயில் நீர் சொட்டுவது எல்லோர் காதிலும் விழுந்தது. மதியத்துக்குள் மாற்று ஆள் வந்துவிட்டாள்.

திங்கட்கிழமை ஓராபெல்லை உயிர்க்கோழிகளைக் கொக்கியில் மாட்டும் இருட்டறைக்கு மாற்றினார்கள். வாலிபர்களே ஒரு மாதம் தாங்காத இடம் அது. ட்ரெனீஸ் கொதித்தாள். "போய்க் கேக்கட்டுமா சிஸ்டர்?"

"எதுக்கு? இப்ப எல்லா கோழியும் என்னப் பாத்துட்டுத்தான் உங்ககிட்டயே வருது," என்று சிரித்துவிட்டு, தலை நிமிர்ந்தே உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லுங்கள் என்றார் போதகர். முன்பெஞ்சில் நின்ற ஓராபெல் திரும்பினாள். பின்னால் ட்ரெனீஸ். அவளோடு, முதன்முறையாக அந்தச் சபைக்கு வந்திருந்த ஒட்டிலியா.

"சமாதானம் உண்டாகட்டும்," என்று ஓராபெல் முகம் மலரக் கையை நீட்டினாள். கோழிகளின் நகக்கீறல்கள் முழங்கை வரை ஓடியிருந்தன. வீங்கிய விரல்கள் கொக்கிபோல வளைந்தே நின்றன. விரிக்கவும் வரவில்லை, மடக்கவும் வரவில்லை. இருவரும் அந்தக் கையைத் தங்கள் உள்ளங்கைகளுக்கு நடுவே வாங்கிக்கொண்டார்கள்.