கட்டம் கட்டமாக வந்த ஷீட்

புது சர்வரில் தமிழ் எழுத்தே கிடையாது. இது ரகுபதிக்குத் தெரியவந்தபோது உச்சிமாகாளியின் வலது கையில் இரண்டு விரல் போயிருந்தது.

ஒரகடம் பக்கத்தில் கார்க் கதவுக்குத் தகடு அடிக்கிற கம்பெனி அது. ரகுபதி மண்ணூர்க்காரன், அங்கே கம்ப்யூட்டர் வேலைக்குக் கான்ட்ராக்ட்டில் இருப்பவன். ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் பிரஸ் மெஷினில் ஒரு ஷீட் தொங்கும். எப்போது கையை உள்ளே விடலாம், எப்போது விடக்கூடாது என்று அதில் தமிழில் எழுதியிருக்கும். அதை எந்த மனுஷனும் டைப் அடிப்பதில்லை. லினக்ஸ் சர்வருக்குள் திரையே இல்லாத ஒரு பிரவுசர் ஓடுகிறது. அதுவே பக்கத்தைத் திறந்து, யார் கண்ணிலும் படாமல் பிடிஎஃப் ஆக்கி, மெஷின் லைனில் இருக்கும் பிரிண்டருக்கு அனுப்பிவிடும். ‘படித்துப் புரிந்துகொண்டேன்’ என்று டேப்லெட்டில் கையெழுத்துப் போட்டால்தான் மெஷின் ஓடும். அதனால் எல்லாரும் போடுவார்கள். படித்துவிட்டுப் போட்டவனை யாரும் பார்த்ததில்லை.

சனிக்கிழமை ரகுபதி எல்லாவற்றையும் புது சர்வருக்கு மாற்றினான். அன்று மத்தியானமே லைன் லீடர் மரகதம் போன் செய்தாள்.

“இன்னா ரகு, ஷீட்டு பூரா கட்டம் கட்டமா வருது? ஷிஃப்டுல தாயம் ஆடச் சொல்றியா?”

உள்ளே யாரும் போட்டோ எடுக்கக்கூடாதென்று கேட்டில் செக்யூரிட்டி அவள் போன் கேமரா மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பிய்த்துவிட்டு ஒரு போட்டோவும் எடுத்து அனுப்பினாள். நம்பர் இருந்தது, இங்கிலீஷ் இருந்தது. தமிழ் இருக்கவேண்டிய இடமெல்லாம் வெறும் கட்டம்.

ரகுபதி அதே பக்கத்தைத் தன் லேப்டாப்பில் திறந்தான். தமிழ் பளிச்சென்று வந்தது. லேப்டாப்பில் தமிழ் எழுத்து இருக்கிறது, வராமல் என்ன செய்யும்? சர்வரில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டியவன் அவன்தான். பார்க்கவில்லை. பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது.

“என் சிஸ்டத்துல நல்லாத்தான் கீதுக்கா. பிரிண்டரத் தொடச்சி வுடு” என்று சொல்லிக் கம்ப்ளைன்ட்டை மூடிவிட்டான். மரகதம் பிரிண்டரைத் துடைத்தாள்.

திங்கட்கிழமை பிரஸ்ஸில் புது டை, அதாவது தகட்டை அடிக்கிற அச்சு, மாட்டினார்கள். பழைய டை ஒரே அடி. மேலே போனதும் பீஸை எடுத்துவிடலாம். புதுசு இரண்டு தடவை அடிக்கும். சிவப்பு விளக்கு அணைந்த பிறகுதான் கை உள்ளே போகவேண்டும். ஷீட்டில் அது இருந்தது, கட்டம் கட்டமாக. கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்து மூன்று வருஷமாக அந்த மெஷினில் நிற்கும் உச்சிமாகாளி கையெழுத்துப் போட்டான். பழையபடி கையை விட்டான்.

செவ்வாய்க்கிழமை காலை மேனேஜர் ராஜசேகர் ரகுபதியைக் கூப்பிட்டார். “மூணு மணிக்கு இன்ஸ்பெக்டர் வர்றாரு. அதுக்குள்ள தமிழ் வரணும்.”

ரகுபதி அப்போதுதான் சர்வருக்குள் போய், என்னென்ன ஃபான்ட் இருக்கிறது என்று பார்த்தான். தமிழுக்கு ஒன்றுகூட இல்லை. ஒன்றை இறக்கி வைத்தான். கட்டம். சர்வரின் ஃபான்ட் பட்டியலைப் புதுப்பித்தான். அப்போதும் கட்டம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பிரவுசருக்குப் புது எழுத்து வந்ததே தெரியாது என்று அவனுக்கு உறைக்க ஒரு மணி நேரம் ஆனது. அதை நிறுத்தி மறுபடி ஓடவிட்டான். தமிழ் வந்தது. தெரிந்தவனுக்குப் பத்து நிமிஷ வேலை.

“இப்ப நேத்து ஷீட்டப் போடு” என்றார் ராஜசேகர்.

சர்வர் பழைய தாளை வைத்திருப்பதில்லை. வார்த்தையையும் கையெழுத்தையும் மட்டும் வைத்திருந்து, கேட்கும்போதெல்லாம் புதுசாக வரைந்து கொடுக்கும். கொடுத்தது. திங்கட்கிழமைத் தேதி, தெளிவான தமிழ், கீழே உச்சிமாகாளியின் கோணல் கையெழுத்து.

“சார், நேத்து இப்டி இல்லியே.”

“எப்டி இருந்துச்சு? நல்லாத்தான் இருக்குன்னு கம்ப்ளைன்ட்ட மூடினவன் யாரு? கட்டம்தான் வந்துச்சுன்னா அவன் விரல எடுத்தது நீ. எதுன்னு நீயே சொல்லு.”

ரகுபதி பிரிண்ட் கொடுத்தான். லைனில் தொங்கிய கட்ட ஷீட்டை ராஜசேகர் தன் கையாலேயே கிழித்தார். அப்புறம் மரகதத்திடம் ரகுபதியை அனுப்பினார்.

“எங்கிட்ட போட்டோ கீதுடா” என்றாள் அவள்.

“லைனுக்குள்ள போட்டோ எடுத்தன்னு தெரிஞ்சா இன்னிக்கே நீ கேட்டுக்கு வெளிய. உம் பொண்ணு காலேஜ் முடிக்கணுமா, வாணாமா?”

அவன் கண்ணெதிரிலேயே அழித்தாள். “உன் கையாவது நல்லா இருக்கட்டும், போ.”

இன்ஸ்பெக்டர் ஷீட்டை வாய்விட்டுப் படித்தார். “இவ்ளோ தெளிவா போட்டிருக்கே. கண்ணு எங்க இருந்துச்சு அவனுக்கு?” என்று சொல்லி, தொழிலாளியின் அஜாக்கிரதை என்று எழுதிக்கொண்டு டீ குடித்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் ஒரு கவரைக் கொடுத்து ரகுபதியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். உச்சிமாகாளி கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தான். ரகுபதி கவரிலிருந்து எடுத்து நீட்டிய ஷீட்டைப் பார்த்தான்.

“என்னண்ணே, நேத்து வெறும் கட்டமால்லா இருந்துச்சு?”

“மருந்து மயக்கத்துல உனக்கு எல்லாம் கட்டமாத்தான் தெரியும். கையெழுத்து உன்னுதா, இல்லியா?”

“என்னுதுதான்.”

“அப்புறம் இன்னா?”

உச்சிமாகாளி இன்னொரு தடவை படித்தான். “நாந்தான் சரியாப் பாக்கலையோ என்னமோ” என்றான். வலது கையால் முடியாது என்பதால் இடது கட்டைவிரலில் மை தடவி ரகுபதி அந்த ஷீட்டிலேயே ரேகை வாங்கினான்.

“அண்ணே, என்னய வேலைய விட்டுத் தூக்கிருவாவளா? நீங்கதான் மேனேஜர்ட்ட ஒரு வார்த்த சொல்லணும்.”

“சொல்றேன், சொல்றேன்.”

கவரில் அடுத்த தாள் இங்கிலீஷில் இருந்தது. வேலையை விட்டு நீக்கிய கடிதம்.

“இது ஆஸ்பத்திரி பேப்பரு” என்று சொல்லி, மை காய்வதற்குள் அதே விரலை அதிலும் வைத்து அழுத்தினான்.