சிவப்புக் குடை

பறவைகளுக்கு எண்ணத் தெரியாது. குடிலுக்குள் இரண்டு பேர் நுழைந்து ஒருவர் வெளியேறினால், உள்ளே யாரும் இல்லை என்று நம்பிவிடும். பதினோரு கோடைகள் அப்படி வெளியேறியவள் நான்.

என் கணவர் பிரயூன், பனிக்கட்டி ஆலையில் மெக்கானிக். விடுமுறை என்றால் கேமராவும் ஏரியும்தான். மூங்கிலும் நாணலும் வைத்து அவர் கட்டிய குடிலுக்குள் இருவரும் போவோம். கொஞ்சம் பொறுத்து நான் மட்டும் சிவப்புக் குடையை விரித்து, உரக்கப் பாடிக்கொண்டு வெளியே வருவேன். பாதை நீரைச் சுற்றி வளைந்து எதிர்க்கரைக்குப் போகும். அங்கே வண்டியில் காத்திருப்பேன்.

"அண்ணி பாட்டுக்கு ஏரியே காலியாயிடும். பறவை எங்க நிக்கப்போவுது?" என்பார் சங்கியம். ஊரில் அச்சகம் வைத்திருப்பவர், என் கணவரின் நண்பர்.

பிரயூனுக்கு ஒரே ஒரு படம் வேண்டியிருந்தது. இலைக்கோழியில் முட்டையிட்டதும் தாய் போய்விடும். அடைகாப்பதும் வளர்ப்பதும் தகப்பன்தான். ஆபத்து என்றால் குஞ்சுகளை இறக்கைக்கடியில் இடுக்கிக்கொண்டு அல்லி இலைகள்மேல் நடக்கும். அதைக் கோடைப்புயலுக்கு முந்தைய வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். மூன்று கோடையாக வாய்க்கவில்லை. பதினோராவது வருடம், ஜூனில் அவருக்கு இதய அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். அதற்குப் பிறகு ஏரிக்கு வர முடியுமா என்று கேட்டபோது "முதல்ல சிகிச்சை முடியட்டும்" என்றார் மருத்துவர்.

சொங்க்ரான், எங்கள் ஏப்ரல் புத்தாண்டு, முடிந்து மூன்று வாரம். கரையில் சரக்கொன்றை உதிர்ந்துகொண்டிருந்தது.

"இடி கேட்டா உடனே வந்துடணும்" என்றேன்.

"தவளைன்னு பேர வச்சுக்கிட்டு மழைக்குப் பயப்படுறியே!" என் செல்லப்பெயர் கோப், தவளை என்று பொருள். "பாடிக்கிட்டே போ. சும்மா போனா சந்தேகப்படும்."

போனேன். வண்டியில் சுட்ட பன்றிக்கறியும் ஒட்டரிசியும் ஆறிக்கொண்டிருந்தன. நாலு மணிக்கு மேற்கே வானம் கறுத்தது. அடியில் மட்டும் ஒரு மஞ்சள் கோடு; அதிலிருந்து வெளிச்சம் நீர்மட்டத்துக்கு இழைந்து வந்து ஒவ்வொரு அல்லி இலையையும் தாமிரமாக்கியது. அவ்வளவு அழகான வெளிச்சத்தை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை. பிறகு மின்னல் இறங்கி இடி முழங்கியது. அவர் வரவில்லை.

நான் போனால் பறவை ஓடிவிடும். கடைசிக் கோடையும் போய்விடும். போகாவிட்டால்? குடையை விரித்து ஓடினேன்.

வளைவில் திரும்பியதும் தகப்பன் பறவை என்னைப் பார்த்துக் கூவியது. மூன்று குஞ்சுகள் இலை இலையாய்த் தாவி அதன் வயிற்றடியில் புகுந்தன. அது எழுந்தது. இறக்கைகளுக்கடியில் ஆறு மெல்லிய கால்கள் தொங்க, அந்த வெளிச்சத்தில் நிதானமாக நடந்து நாணலுக்குள் மறைந்தது. ஓடி வந்ததை மறந்து நின்றுவிட்டேன்.

நான் போய்ச் சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. குடிலில் அவர் நனைந்து உட்கார்ந்திருந்தார். கேமராவை மட்டும் சட்டைக்குள் பொத்தி வைத்திருந்தார்.

"கெடுத்துட்டேனா?"

"நீ வந்ததாலதான்டி குஞ்சுகள அள்ளிக்கிச்சு" என்று சிரித்தார். மழைக்குள் அவரைத் தாங்கிக் கூட்டிவந்தேன்.

படத்தின் மேல்மூலையில் மங்கலாக ஒரு சிவப்பு இருந்தது.

"அத வெட்டிட்டுப் போட்டிக்கு அனுப்புய்யா, பரிசு உனக்குத்தான்" என்றார் சங்கியம்.

"வெட்டிட்டா அது எதப் பார்த்துப் பயந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?" பிரயூன் அனுப்பவே இல்லை.

ஜூனில் சிகிச்சைக்குப் போனவர் திரும்பவில்லை. தகனத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தைச் சங்கியம்தான் அச்சிட்டார். அட்டையில் அந்தப் படம். மூலையை என்ன செய்வது என்று அவர் என்னைக் கேட்கவில்லை.

கோயில் மண்டபத்தில், ஆலையிலிருந்து வந்த ஒருவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இங்க மை சிந்திருக்கே?"

சங்கியம் முந்திக்கொண்டார். "மை இல்லய்யா. அது எங்க அண்ணி."