அப்பாவுக்கு எதிராக ஒரு பெனால்டி

மைக்கைப் பிடித்த கையை அப்பா இரண்டு முறை மாற்றினார். மேடையில் பேசிப் பழக்கமில்லாத மனிதர். தாத்தா இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவர் பெயரில் ஒரு கால்பந்துக் கோப்பையை அறிவித்த கிளப்காரர்கள், முதல் ஆட்டத்துக்கு முன்னால் மகன் நாலு வார்த்தை பேசியே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். நானும் அப்பாவின் தங்கையான அத்தையும் முன்வரிசையில் இருந்தோம். அழாமல் இறங்கினால் போதும் என்று அத்தை என் காதில் சொன்னாள்.

தாத்தா லிஃப்ட் மெக்கானிக், ஞாயிற்றுக்கிழமைகளில் ரெஃப்ரி. குடும்பத்தையும் மைதானத்தையும் அவர் என்றைக்கும் பிரித்துப் பார்த்ததில்லை. நான் பிறந்த அன்று ஆட்டம் முடிந்த கையோடு, சேறு அப்பிய பூட்ஸுடன் பிரசவ வார்டுக்குள் நுழைந்துவிட்டார். நர்ஸ் போட்ட சத்தத்தில் பூட்ஸைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என்னை எட்டிப் பார்த்தாராம். வீட்டில் யார் எந்த விளையாட்டில் தோற்றாலும் ஐஸ்கிரீம் வாங்கித் தருவார். அத்தை மகன் செஸ்ஸில் பத்தே நிமிடத்தில் தோற்ற அன்றுகூட வாங்கித் தந்தார். ஜெயித்த எனக்கு இல்லையா என்று கேட்டதற்கு, ஜெயித்தது போதாதா என்றார்.

ஆனால் அவருக்கும் அப்பாவுக்கும் நடுவே ஒரு பெனால்டி இருந்தது.

நான் பிறப்பதற்கு முந்தைய கதை அது. இறுதி ஆட்டம். வர வேண்டிய ரெஃப்ரிக்குக் காய்ச்சல். மகன் ஆடுகிறான் என்று தெரிந்தும் இரண்டு அணிகளும் தாத்தாவையே கூப்பிட்டன. முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது, கோலுக்கு முன்னால் நின்ற அப்பாவின் மேல் பந்து பட்டது. கையில் பட்டது என்று தாத்தா விசில் அடித்தார். நெஞ்சில் பட்டது என்று அப்பா குதித்தார். பெனால்டி கோலானது, கோப்பை போனது. அப்பா தாத்தாவோடு பேச்சை நிறுத்திவிட்டார். இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டு பேருக்கும் ஒரே லிஃப்ட் கம்பெனியில் வேலை, போய் வர ஒரே ஸ்கூட்டர். ஒன்பது நாள் ஓட்டுகிறவர் முதுகைப் பின்னால் இருப்பவர் பார்த்துக்கொண்டு வாய் திறக்காமல் போய் வந்தார்கள். பத்தாம் நாள் ஒரு லிஃப்ட் ரிப்பேர்; தாத்தா மொட்டைமாடி மோட்டார் அறையில், அப்பா லிஃப்டுக்கு அடியில் பள்ளத்தில். கீழே இருப்பவன் குரல் கொடுக்காமல் அந்த வேலை நடக்காது. வேறு வழியில்லாமல் அப்பா, “நிறுத்துங்கப்பா” என்று கத்தினார். ஏழு மாடிக்கு மேலிருந்து தாத்தா சிரித்த சிரிப்பு கிணற்றுக்குள் விழுந்ததுபோல் இறங்கி வந்ததாம்.

அதற்குப் பிறகும் அப்பா நெஞ்சை விட்டுக்கொடுக்கவில்லை. தாத்தாவும் வாதாடவில்லை. பார்த்ததைச் சொன்னேன் என்பார், அவ்வளவுதான்.

இப்போது மேடையில் அப்பா மைக்கை வாயருகே கொண்டுபோனார். கிளப்புக்கு நன்றி சொன்னார். பிறகு மூச்சை இழுத்து, “அந்த ஃபைனல்ல பந்து என் கையிலதான் பட்டுச்சு” என்றார்.

அப்பாவோடு ஆடிய பழைய கோல்கீப்பர், இப்போது பேக்கரி வைத்திருப்பவர், நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். பந்து நெஞ்சில்தான் பட்டது என்று முப்பத்துநாலு வருடமாகக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அப்பாவுக்காகச் சண்டை போட்டவர் அவர். அன்றைக்குக் கோப்பை ஜெயித்த எதிரணிக்காரர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள். அது வரிசை வரிசையாகப் பரவி எங்களிடம் வந்தபோது அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள்.

“என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணினியே அண்ணா” என்றாள், அப்பா இறங்கி வந்ததும்.

“அதான் உனக்கு முடி கொட்டிப்போச்சு.”

தாத்தாவிடம் எப்போதாவது சொன்னீர்களா என்று நான் கேட்டேன். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் சொன்னதாகச் சொன்னார். அதைச் சொல்ல மூன்று நாள் தைரியம் சேர்த்தாராம்.

“என்ன சொன்னாரு?”

அப்பா தன் வலது கையை விரித்துப் பார்த்தார். “சுண்டு விரல்தானேன்னு கேட்டாரு.”

பேக்கரிக்காரர் அப்பாவைக் கட்டிப்பிடித்தார், அல்லது நெரித்தார். பின்னாலிருந்து சரியாகத் தெரியவில்லை. எதிரணிக் கிழவர்கள் தங்கள் பெஞ்சில் நகர்ந்து அப்பாவுக்கு இடம் விட்டார்கள். பெண்கள் அணிகளுக்கான முதல் ஆட்டம் தொடங்கியது. யாரோ ஒரு பெண் உதைத்த பந்து வெயிலுக்குள் எழும்பிப் போனது. அந்த பெஞ்சில் இருந்த நரைத்த தலைகள் எல்லாம் ஒன்றாக அண்ணாந்தன, அப்பாவின் வாய் திறந்தபடி இருந்தது.