அம்மாவின் இடது கண்

வகுப்பில் அவளுக்குக் கரிச்சட்டி என்று பெயர். போன வருஷம் அவள் படம்பிடித்ததைத் திரையிட்டபோது, ஆசிரியர் பாதியில் எழுந்து, "என்ன, கரண்ட் போயிடுச்சா?" என்று கேட்டார். மானம் கப்பலேறிவிட்டது. இந்த முறையும் முகம் தெரியவில்லையென்றால் ஒளிப்பதிவை விட்டு வேறு பிரிவுக்குப் போக வேண்டியதுதான் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

வேறொருத்தியாக இருந்தால் நாலு விளக்கைப் போட்டுப் பளிச்சென்று எடுத்துத் தப்பித்திருப்பாள். இவளா? இந்த முறை எடுக்கும் காட்சியில் புருஷன் வீடு திரும்பவில்லை, மனைவி வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதை வெளிச்சத்தில் எடுத்தால் யாருக்கு மனசு பதறும்? ஒரே மேசை விளக்கு. பாதி முகம் வெளிச்சம், பாதி நிழல். பத்து நாள் உட்கார்ந்து நோட்டில் வரைந்து தள்ளினாள். ஜன்னலுக்குப் போர்வை, கதவிடுக்குக்குத் துண்டு, விளக்குக்குக் கறுப்பு அட்டை.

இடம் வீட்டுக் கூடம். நடிக்க அம்மா. கேமராவை நாலு மணிக்குக் கல்லூரியில் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

தொல்லை அப்பா உருவத்தில் வந்தது. அவர் பல்புக் கடையில் விற்பனையாளர். இருட்டைக் கண்டால் கை தானாகச் சுவிட்சுக்குப் போய்விடும். காலையிலிருந்து மூன்று முறை போட்டுவிட்டார்.

"அப்பா!"

"பல்பு விக்கிறவன் வீட்டை யாராவது இப்படி இருட்டாக்கி வைப்பாங்களா? கடையிலேயே பெருசா ஒண்ணு இருக்கு, கொண்டாரவா?"

"ஐயோ சாமி, ஒண்ணும் வேணாம். உள்ள போங்க."

மூன்று மணிக்குக் கேமராவுக்குள் பார்த்தாள். அம்மாவின் இடப்பக்கம் கரி பூசியதுபோல இருந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் குழி. எதை மறைப்பது என்று பத்துப் பக்கம் எழுதியவள், எதைத் தெரியவைப்பது என்று ஒரு வரி எழுதவில்லை. நிழல் பக்கம் வெள்ளை அட்டையைப் பிடித்தால் விளக்கொளி பட்டுத் திரும்பும். முதல் மாதப் பாடம் அது. அந்த அட்டைக்குத்தான் கறுப்பு மையடித்து விளக்கில் மாட்டியிருந்தாள், புத்திசாலி! அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"என்னடி, என் மூஞ்சி தெரியுதா இல்லியா?" என்றாள் அம்மா.

வெள்ளையாக ஏதாவது அகப்படுமா என்று இவள் திரும்புவதற்குள் அப்பா நாலாவது முறையாக வந்தார். மாலை வேலைக்காகக் கடைக்குப் புறப்பட்டு, சலவை செய்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். சுவிட்சு அம்மாவின் இடப்பக்கச் சுவரில். கையை நீட்டினார். கேமராவில் அம்மாவின் இருண்ட கன்னம் மெல்லத் தெரிந்தது. குழிக்குள் ஒரு கண் முளைத்தது.

"அப்பா, அசையாதீங்க!"

"இல்லம்மா, லைட்டு..."

"லைட்ட போட்டீங்க, கொன்னுடுவேன். அப்படியே நில்லுங்க. மூச்சுகூட விடாதீங்க."

நீட்டிய கை நீட்டியபடி அவர் சிலையாக நின்றார். வாசலைப் பார்க்க வேண்டிய அம்மா அவரைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கியதில் உதடு நடுங்கி, கண்ணில் நீர் கோத்தது. அது சிரிப்பா அழுகையா என்று கேமராவுக்கு என்ன தெரியும்? முகம் இருந்தது, ஆசிரியர் இனி வாயைத் திறக்க முடியாது. அவளுக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது.

முடிந்ததும் அப்பா கையை உதறினார். "நான் எங்கயாவது தெரியறேனா?"

"இல்லப்பா." கேமராவின் சின்னத் திரையை அவர் பக்கம் திருப்பினாள். "அம்மா கண்ணுல ஒரு புள்ளி மின்னுது பாருங்க. அது நீங்க."

அவர் குனிந்து பார்த்தார்.

"மணி மூணரை ஆச்சு, கடைக்குப் போகலியா?" என்று அம்மா எழுந்து சுவிட்சில் கை வைத்தாள்.

"போடாத," என்றார் அப்பா. "இன்னொரு தடவ பாத்துக்கிறேன்."