யாரும் போகாத ரோடு

நேற்றுப் புதைத்த அப்பாவின் குழியில் பால் ஊற்றுவதற்காக, செம்பைக் கையில் ஏந்திப் தேயிலைத் தோட்டத்துப் பழைய மோட்டார் ரோட்டில் வந்துகொண்டிருந்தான் சடையன். வளைவில் ஹட்டன் டவுன் வாலிபர்கள் மூன்று பேர் நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் கைவிடப்பட்ட ரோடுகளைத் தேடி அலைவது அவர்களுக்கு ஒரு பைத்தியம். ஒருவன் நாடாவால் ரோட்டை அளந்தான். இன்னொருவன் படம் பிடித்தான். கண்ணாடி போட்டவன் மைல்கல்லின் மேல் சாவகாசமாக உட்கார்ந்து பணிஸ் ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

காலடியில் சிதறிக் கிடந்த பொரியைக் காட்டி, "நமக்கு முன்னாடியே யாரோ சுத்திப்பாக்க வந்து தின்னிருக்காங்க" என்று சிரித்தான். பிறகு சடையனைப் பார்த்து, "வெள்ளைக்காரன் போட்ட அருமையான ரோடு. இப்ப யாருமே போறதில்ல, பாவம்" என்றான்.

சடையனுக்கு உச்சந்தலைவரை பற்றிக்கொண்டு வந்தது.

"யாருமே போறதில்லையா? சொதந்திரம் வந்து பத்து வருசமாச்சு. இன்னும் பங்களா முன்னாடி, புது ரோட்டுல, பொணம் போகக்கூடாதுங்கிறான் தொர. லயத்து வீடுகள்ல செத்தவங்க அத்தன பேரும் இந்த வழியாத்தான் போறாங்க. நேத்து எங்கப்பா போனாரு. பாடைய எறக்கி வச்சு, பொரி எறச்சு, தல மாத்தித் தூக்கினது அந்தக் கல்லுகிட்டதான். எந்திரிடா!"